கப்பலுக்கு வெளியே சத்தம் கிடையாது

போன மாதம் கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு ஹோட்டலில் இளம் சினிமாக்காரர்களுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. ரிட்டயர்டு ஆள், உள்ளூர்க்காரர், சும்மா வந்து உட்காருங்கள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். மேடையில் ஒரு தம்பி, காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு, விண்வெளிக் கற்பனைப் படங்களைப் பற்றிப் பேசினார். "ஃபேன்டஸின்னா ஃபேன்டஸிதான். அதுல போய் ஃபிசிக்ஸ் தேடுறவன் தியேட்டருக்கு வரக் கூடாது, டியூஷனுக்குப் போகணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எழுந்து நாலு கேள்வி கேட்கலாம் என்றால், மைக் என் வரிசைக்கு வருவதற்குள் டீ இடைவேளை விட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கேட்க முடியாததை இப்போது எங்கள் ஒலிப்பதிவாளர் சங்க மலரில் எழுதுகிறேன். மலரின் பொறுப்பாளர், "உங்க அனுபவத்த எழுதுங்க சார், ஜாலியா இருக்கட்டும்" என்றுதான் கேட்டார். ஜாலியாக இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இயற்பியல் வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில் தட்டுத் தடுமாறிப் பாஸானவன். திரையில் மலை பறக்கட்டும், மரம் பேசட்டும், வானத்தில் மூன்று நிலா காயட்டும், எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. விண்கப்பல் திரும்பும்போது, டம்டம் பாறை மலை வளைவில் வத்தலக்குண்டு பஸ் சாய்கிற மாதிரி சாய்ந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் "ஃபிசிக்ஸ் எதுக்கு" என்று கேட்கிறவர் அடுத்த மூச்சில் "ஜனங்களுக்கு அதெல்லாம் புரியாது" என்பார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தால் ஒரு நல்ல படம் கெட்டதை நான் கிட்டே இருந்து பார்த்தவன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் சமையல் வேலை பார்த்தவருடைய மகன் நான். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு மைக் கட்டப் போனதில் ஒயர் வேலை பழகியது. சென்னைக்குப் போய் ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்றினேன், மைக் பிடித்தேன், கடைசியில் சத்தம் செய்கிறவன் ஆனேன். திரையில் கதவு சாத்தினால், மழை பெய்தால், ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினால் நீங்கள் கேட்கும் சத்தத்தை எங்களைப் போல ஒருவர்தான் எங்கேயோ உட்கார்ந்து செய்திருப்பார். பணி ஓய்வு வரை எனக்கு அதுதான் சோறு போட்டது.

எனக்கு மேலே இருந்தவர் ஞானம் சார். எல்லாச் சத்தங்களையும் கடைசியாக ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங் அவருடைய பொறுப்பு. கூட்டிப் பெருக்குகிற அம்மாவிலிருந்து பெரிய நடிகர் வரை எல்லாரையும் 'வாங்க, போங்க' என்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் நம்மை "ஐயா" என்று கூப்பிட்டால் நாம் ஏதோ பெரிய தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அவர் வேலை செய்யும் முறையே தனி. ஒரு காட்சி வந்தால் முதலில் சத்தமே இல்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பார். அடுத்து வசனத்தை மட்டும் வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகு நாங்கள் செய்து கொண்டுபோன சத்தங்களை ஒவ்வொன்றாக உள்ளே விடச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான். "இத யார் கேக்குறாங்க?" காலடிச் சத்தம் வைத்தால், அதைக் கேட்கிற ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை, "ஆடியன்ஸ் கேக்குறாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆடியன்ஸ் படத்துக்குள்ள இல்லீங்க ஐயா. உள்ள இருக்கிற ஆளோட காதத்தான் நாம அவங்களுக்கு இரவல் குடுக்குறோம்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

இனி மெர்சியின் படத்துக்கு வருகிறேன். மெர்சி எங்கள் ஊர்ப் பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். அம்மா பூம்பாறையில் பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் கூலி வேலைக்குப் போனவர். மெர்சி படித்து, உதவி இயக்குநராக நாயாய் அலைந்து, கடைசியில் ஒரு விண்வெளிப் படம் இயக்கும் வாய்ப்பைப் பிடித்திருந்தாள். தாயும் மகளும் ஒரு கப்பலில் வேலை செய்கிறார்கள். வேற்றுக் கிரகம், விசித்திரப் பிராணிகள், மாயக் கல் எல்லாம் உண்டு. அவள் உயிரை வைத்திருந்தது கடைசிக் காட்சியில்தான்.

மகள் கப்பலுக்கு வெளியே பழுது பார்க்கிறாள். கயிறு அறுந்துபோகிறது, அவள் அதைக் கவனிக்கவில்லை. ஹெல்மெட் ரேடியோவும் செத்துவிட்டது. முதுகைக் காட்டியபடி மெல்ல விலகிப் போகிறாள். உள்ளே தாய் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கத்துகிறாள், விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறாள். மகள் ஒரு தடவை திரும்பி அந்த விளக்கைப் பார்த்துவிட்டால் போதும், கையிலிருக்கும், வாயுவைப் பீச்சி ஆளைத் தள்ளும் குழலை வைத்துத் திரும்பி வந்துவிடுவாள். ஆனால் அங்கே காற்று இல்லை. தாயின் குரல் கண்ணாடியைத் தாண்டாது. மகள் தற்செயலாகத் திரும்பும்போது தூரம் கைமீறிப் போயிருக்கும். கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விடுவாள்.

"இது உனக்கு எங்கயிருந்து புடிபட்டுச்சு?" என்று கேட்டேன்.

"காலைல ஸ்கூல் பஸ்ஸு அங்கிள். குளுருக்கு எல்லாக் கண்ணாடியும் ஏத்தி வச்சிருப்பாங்க. அம்மா காட்டுல நின்னு எதையோ சொல்லும். வாய் அசையுறது மட்டுந்தான் தெரியும். என்ன சொல்லுச்சுன்னு சாயங்காலம் வந்து கேட்டா, 'மறந்துட்டேன் புள்ள'ன்னுரும்" என்றாள்.

நாங்கள் வகுத்த விதி எளிமையானது. கேமரா கப்பலுக்குள் இருந்தால் எல்லாச் சத்தமும் உண்டு. வெளியே போய்விட்டால் ஒன்றும் கிடையாது. கேட்கக் காற்றும் இல்லை, காதும் இல்லை. ரேடியோவில் பேசினால் மட்டும் ஹெல்மெட்டுக்குள் கேட்கும். கப்பலின் உள்ளே கேட்கும் எஞ்சின் சத்தத்துக்காக நான் எங்கள் மலையிலேயே இருக்கும் போளூருக்குப் போய், கேரட் கழுவுகிற மிஷினுடைய டிரம் சுற்றுவதைப் பதிவு செய்து, அதை வேகம் குறைத்து வைத்திருந்தேன். கேரட் வேகமாக உருள்கிறபோது வருகிற அந்தக் கடமுடா, மெதுவாக ஓடவிட்டால் ஏதோ பெரிய மிருகம் தூக்கத்தில் புரள்வது மாதிரி இருக்கும். மெர்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

தயாரிப்பாளருக்கும் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

"சூப்பரா இருக்கே! இத வெளிய கப்பல் போறப்பவும் வைங்க. அம்மாம்பெரிய கப்பல் போகுது, ஒரு உறுமல் வேணாமா? தியேட்டர்காரன் எதுக்கு ஸ்பீக்கர் மாட்டி வச்சிருக்கான்?" என்றார்.

மெர்சி எடுத்துச் சொன்னாள். அவர் சிரித்தார். "வானத்துல மாயக் கல் பறக்குது, அத நம்புறவன் இத நம்ப மாட்டானா?" என்றார். கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கடைசியில் பேரம் படிந்தது. படம் முழுக்க வெளியேயும் கப்பல் உறுமலாம், கடைசிக் காட்சியில் மட்டும் கை வைக்கக் கூடாது. முதல் படம் எடுக்கிற பெண், அவளால் வேறென்ன செய்ய முடியும்? ஞானம் சார் மட்டும், "மொதல்லருந்து பழக்குனாத்தானேம்மா கடைசியில புரியும்" என்றார். அவர் சொன்னது அப்போது யார் காதிலும் விழவில்லை.

சோதனைக் காட்சியைக் கொடைக்கானலிலேயே வைத்தார்கள். சென்னையில் போட்டால் கதை வெளியே போய்விடும் என்று தயாரிப்பாளருக்குப் பயம். இங்கே அவருக்கு ஒரு பங்களாவும் இருந்தது. ஊரிலிருக்கும் சின்னத் தியேட்டரில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், ஹோட்டல் பையன்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. ஆபரேட்டர் செல்லையாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

படம் நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சி வந்தது. மகள் வெளியே மிதக்கிறாள், நிசப்தம். அதுவரை வெளியே உறுமிக்கொண்டே வந்த படம் திடீரென்று ஊமையானால் யார்தான் என்ன நினைப்பார்கள்? "ஏய், சவுண்டு!" என்று ஒருவர் கத்தினார். அடுத்த நொடி ஹால் முழுக்க விசில். மேலே செல்லையா பதறிப்போய், ஆம்ப்ளிஃபையர் செத்துவிட்டது என்று நினைத்து, வால்யூமைக் கடைசி வரை திருகிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் காட்சி கப்பலுக்குள் மாறியது. தாயின் அலறல் தகரம் கிழிகிற மாதிரி வெடித்தது. காதைப் பொத்தினார்கள், பயத்தில் குழந்தைகள் அழுதன, பிறகு ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

தயாரிப்பாளர் முதலில் செல்லையாவை எல்லார் முன்னாலும் வைத்து வாங்கினார். பிறகு மெர்சியிடம் திரும்பினார். "பாத்தீங்களா? இதுதான் ஜனங்க. அவங்களுக்குப் புரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! படம் நெடுக ஒரு பொய்யைப் பழக்கிவிட்டு, கடைசியில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உண்மையைத் தூக்கிப் போட்டால் யாருக்குப் புரியும்? புரியாமல் போனது பார்த்தவர்களின் குற்றமா? வெளியே இருக்கும் உறுமலையெல்லாம் எடுத்துவிடுவோம், ஒரே ஒரு தடவை அப்படிப் போட்டுப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். "நீங்க சத்தம் போடுறவரா, சத்தம் எடுக்குறவரா?" என்று கேட்டார் அவர். அந்தக் கேலிக்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் சென்னையில் கடைசிக் காட்சியை மறுபடி மிக்ஸ் பண்ணினார்கள். தாயின் குரல் விண்வெளி முழுக்க எதிரொலிக்க வேண்டும், பின்னால் வயலின் அழ வேண்டும் என்பது உத்தரவு. ஞானம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், சொன்னதைச் செய்தார். எதிரொலியை அவ்வளவு சுத்தமாக யாராலும் செய்ய முடியாது. 'இத யார் கேக்குறாங்க' என்று அன்றைக்கு மட்டும் அவர் கேட்கவே இல்லை. அவர் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்றுவரை தீரவில்லை. பாவம், அவருக்கும் வயதாகிவிட்டது, வேலை வேண்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன், ஆனாலும் தீரவில்லை.

படம் வெளியானது. முதல் வாரம் மதுரையில் ஒரு தியேட்டரில் போய் உட்கார்ந்தேன். கடைசிக் காட்சியில் எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் தன் வீட்டுக்காரரிடம், "எம்புட்டு நேரமா அவ ஆத்தா கெடந்து கத்துறா, திரும்புறாளா பாருங்க. கல்லு நெஞ்சுக்காரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. குரல் கணீரென்று கேட்கிறது, இவளோ முதுகைக் காட்டிக்கொண்டே போகிறாள். பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கேட்க முடியாத மகளைக் கேட்க விரும்பாத மகளாக ஆக்கிவிட்டார்கள். காற்று இல்லாத இடத்தில் சத்தம் போகாது என்கிற ஒரே ஒரு பள்ளிக்கூடத்துப் பாடத்தை எடுத்தார்கள், கூடவே அந்தப் பெண்ணின் குணமும் போய்விட்டது. விமர்சனங்களிலும் மகள் பாத்திரம் மனதில் ஒட்டவில்லை என்றே எழுதினார்கள். மேடையில் பேசிய தம்பி இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்றுதான் அன்றைக்குக் கேட்க நினைத்தேன்.

இரண்டாவது வாரம் மெர்சி ஊருக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்கு வந்தவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க சொன்னதுதான் சரி அங்கிள். ஜனங்களத் தெரியாம எடுத்துட்டேன். ஸ்கூல்ல டிராமா டீச்சர் வேணுமாம். திங்கக்கிழமை வந்து பாக்குறேன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த கதை ஒண்ணு எழுதிக்கிட்டு இருந்தியே?"

"அது கெடக்கு" என்றாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாத்தியார் வேலை நல்ல வேலைதான், ஆனால் அவள் அதற்காகப் போகவில்லை. பொய் என்று எனக்குத் தெரிந்த ஒன்றை நம்பிவிட்டு அல்லவா போகிறாள்! நாளை நம் ஊர்த் தியேட்டரில் மத்தியானக் காட்சிக்கு மட்டும் வா, அதோடு படத்தை எடுத்துவிடுகிறார்கள், ஒரு மரியாதைக்கு வந்து பார் என்று சொல்லி அனுப்பினேன். நான் செய்யப்போவதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளனே செல்லையாவைப் போய்ப் பிடித்தேன். எனக்கு வேண்டியதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஓனருக்குத் தெரிஞ்சா என் சோலி முடிஞ்சிரும்ணே."

"தெரியாது. நான் பாத்துக்கிறேன்."

வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "அன்னைக்கி அந்தப் புரொடியூசரு என்னைய நாயப் பேசுறாப்புல பேசுனாருல்ல. சொல்லி வைக்காம விட்டது அவுக, வசவு எனக்கு. நீங்க திருகுங்கண்ணே. எவன் கேக்குறான்னு பாப்பம்" என்றார்.

அன்றைக்கு நல்ல மழை. பூம்பாறை ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஊர் திரும்ப முடியாத காட்டு வேலைப் பெண்கள் ஒரு கூட்டமாக, நனைந்த ஸ்வெட்டரோடு தியேட்டருக்குள் வந்துவிட்டார்கள். ஹோட்டலில் அடைந்து கிடக்கப் பிடிக்காத டூரிஸ்டுகள் கொஞ்சம் பேர். மெர்சி நடு வரிசையில் ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆபரேட்டர் அறையின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக எனக்கு எல்லாரும் தெரிந்தார்கள். நான் சவுண்டு பெட்டியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு, வால்யூம் குமிழில் கை வைத்து உட்கார்ந்தேன். இந்தப் படத்தின் ஒவ்வொரு வெட்டும் எனக்கு மனப்பாடம்.

கப்பல் முதல்முறை வெளியே தெரிந்ததும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். நான் போளூரில் பிடித்து வந்த உறுமல் போயிற்று. இசையும் கூடவே போயிற்று, இசையமைப்பாளர் மன்னிக்கட்டும். "சவுண்டு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஒரு விசில். காட்சி உள்ளே வந்ததும் சத்தத்தைக் கொடுத்தேன். அடுத்த முறை வெளியே போனபோதும் கத்தினார்கள், ஆனால் குரல் குறைந்திருந்தது. ஹெல்மெட் ரேடியோவில் பேசுகிற இடங்களில் நான் குமிழைத் தொடவில்லை. அதற்கும் அடுத்த முறை ஒருவர் "சவுண்டு" என்று ஆரம்பிக்க, இன்னொரு ஆள் அவரை அதட்டினார்.

"ஏலே, பேசாமப் பாருடா. வெளிய போனா சத்தம் இருக்காது, உள்ள வந்தா வரும். இம்புட்டு நேரமா அப்படித்தான வருது?"

செல்லையா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புரியாத ஜனங்களாம்! சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னவர்கள் அத்தனை பேரையும் அந்த நிமிடம் அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் இழுத்து வந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. விதியை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. மாறாமல் ஒரே மாதிரி நடந்துகொண்டோம், அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இடைவேளைக்குப் பிறகு யாரும் 'சவுண்டு' கேட்கவே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கப்பலுக்குள் தாய் கண்ணாடியில் அறைந்து கத்துகிறாள், குமிழை ஏற்றினேன். வெளியே மகளின் முதுகு, இறக்கினேன். அந்த எதிரொலியும் வயலினும் என் விரலுக்கு அடியில் செத்தன. ஹாலில் கூரைத் தகரத்தில் மழை விழுவது மட்டும் கேட்டது. மறுபடி உள்ளே, கத்தல், விளக்கு அணைந்து எரிகிறது. மறுபடி வெளியே, ஒன்றுமில்லை. மகள் போய்க்கொண்டே இருக்கிறாள்.

அப்போது காட்டு வேலைப் பெண்கள் வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா! திரும்பிப் பாரு தாயி! ஒங்காத்தா வெளக்கு காட்டுறா, திரும்பிப் பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. மெர்சி நாற்காலியில் திரும்பி, அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காருக்கா. அதுக்குக் கேக்காது" என்றார்.

"தெரியும்டி" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா மறுபடியும் கத்தினார்.